சூட்டு உடம்பு

தனிஸ்லாசுக்கு வாய்தான் முன்னால் போகும், ஆள் பின்னால்தான் வருவான். வில்லியனூர் வட்டாரத்தில் எந்த வீட்டுக் கொல்லையில் பலா நிற்கிறது, எந்த வீட்டு மா இந்த வருஷம் பூ பிடித்திருக்கிறது, யார் வீட்டுக் கொய்யாவை அணில் காலி பண்ணுகிறது என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வான். தோப்புத் தோப்பாகக் குத்தகை எடுக்கிற பெரிய வியாபாரி இல்லை. கொல்லைக்கு ஒரு மரம், இரண்டு மரம் என்று பேசி எடுப்பான். காயை இறக்கி, வைக்கோலில் போட்டுப் பழுக்க வைத்து, சைக்கிளில் கூடை கட்டிக் கொண்டுபோய் வில்லியனூர்க் கடைத்தெருவிலும் தவளக்குப்பம் கூட்டு ரோட்டிலும் விற்பான். ஆற்றுக்கு இந்தப் பக்கம், மாதா கோவிலைச் சுற்றி நாற்பது ஐம்பது வீடு உள்ள சின்ன ஊர் அவனுடையது.

ஆனால் சனங்கள் அவனைத் தேடி வந்தது பழத்துக்காக இல்லை, மரத்தைத் திட்டுவதற்காக. வைத்து எட்டு வருஷம் பத்து வருஷம் ஆகியும் ஒரு பிஞ்சு விடாமல் ஓங்கி நிற்கிற மரம் சில வீடுகளில் இருக்கும். அதற்கென்று ஒரு வழி உண்டு. கார்த்திகை பிறந்து மழை விட்டதும், காலை வேளையில், மரத்தின் இடுப்பில் பழைய செருப்பையும் தேய்ந்த விளக்குமாற்றையும் கட்டிவிட்டு ஒருவன் கோடாலியோடு எதிரே நிற்க வேண்டும். வாய்க்கு வந்தபடி திட்ட வேண்டும். திட்டி முடித்து, வெட்டட்டுமா என்று கோடாலியை ஓங்க வேண்டும். அப்போது ஒரு பெண்பிள்ளை குறுக்கே வந்து, வேண்டாம், வர்ற வருஷம் காய்க்கும், அதற்கு நான் ஜாமீன் என்று கெஞ்ச வேண்டும். இப்படி மூன்று தடவை. பிறகு கோடாலியின் பின்பக்கத்தால் மூன்று தட்டுத் தட்டிவிட்டு வந்துவிட்டால், ரோஷமுள்ள மரம் அடுத்த வருஷம் காய்த்துவிடும் என்பார்கள். சில காய்த்தன, சில காய்க்கவில்லை. காய்த்த மரங்களின் பேச்சுதான் ஊரில் நின்றது.

திட்டுவதில் தனிஸ்லாசை மிஞ்ச ஆள் கிடையாது. நிழல் ஒன்றைக் கொடுத்துவிட்டுத் தண்ணீரையும் எருவையும் தின்கிறாயே, நிழலுக்கு நான் குடை வாங்கிக்கொள்ள மாட்டேனா என்று அவன் ஆரம்பித்தால் தெருவே கொல்லையில் வந்து கூடிவிடும். கெஞ்சுவதற்குத்தான் ஆள் கிடைக்காது. இத்தனை பேர் பார்க்க, வீட்டுப் பெண்கள் வெட்கப்பட்டு ஒளிவார்கள். அதனால் அந்த வேலையை அவன் பெண்டாட்டி ரோசி செய்தாள். கல்யாணமான புதிதில், அதாவது அறுபதாம் வருஷத்தில், சிரிப்பை அடக்க முடியாமல் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டே ஜாமீன் நிற்பாள். ஊர் சனங்களுக்கு அது நாடகம் பார்த்த மாதிரி.

ரோசி சும்மா பெண்டாட்டி இல்லை, தொழிலில் பாதி அவள்தான். பலாக்காயைத் தட்டிப் பார்த்து தனிஸ்லாஸ் நாளைக்கு என்றால், அவள் குனிந்து முகர்ந்துவிட்டு, நாளைக்கு இல்லை, நாளை மறுநாள் மத்தியானம் என்பாள். அப்படியேதான் ஆகும். பழத்தின் மேல் அவளுக்கு அப்படி ஒரு பைத்தியம். கையில் எண்ணெயைத் தடவிக்கொண்டு பலாவைப் பிளக்க உட்கார்ந்தால், விற்பதற்கு முன்னால் நாலு சுளை அவள் வாய்க்குள் போயாக வேண்டும். மாம்பழத்தைக் கத்தி வைத்து நறுக்கித் தின்பவர்களைக் கண்டால் அவளுக்குச் சிரிப்பு வரும். முழங்கை வரைக்கும் சாறு ஒழுகக் கொட்டையைச் சப்பிப் போட்டால்தான் அது தின்றது.

எட்டு வருஷம் ஆயிற்று. வயிற்றில் ஒன்றும் தங்கவில்லை. பூரணாங்குப்பத்தில் வாழ்க்கைப்பட்டிருந்த தனிஸ்லாசின் அக்காள் அந்தோணி மேரி வரும்போதெல்லாம் ரோசியை ஏற இறங்கப் பார்ப்பாள். வாயைத் திறந்து சொல்லமாட்டாள், தம்பியைப் பார்த்துப் பெருமூச்சு விடுவாள். அதற்குச் சொல்லியே இருக்கலாம். ரோசி மாதாவுக்கு நேர்ந்துகொண்டு வெறுங்காலோடு நடந்தாள், சனிக்கிழமை ஒரு வேளைச் சோற்றோடு ஒருசந்தி இருந்தாள், யார் யாரோ கொடுத்த கசாயத்தை எல்லாம் குடித்தாள். கடைசியில் பாண்டிச்சேரிப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனாள். அங்கே டாக்டர் அவளைப் பார்த்துவிட்டுப் புருஷனையும் கூட்டிவரச் சொன்னார்.

தனிஸ்லாஸ் ஆறு மாதம் சாக்குச் சொன்னான். அப்புறம் ஒரு வழியாகப் போய், அவர்கள் கேட்ட சோதனைக்கெல்லாம் வெட்கத்தை விட்டு உட்பட்டான். முடிவு சொல்கிற நாளில் ரெண்டு பேரும் எதுக்கு, நான் போயிக் கேட்டுகினு வரேன், நீ காய்க்குக் காவல் இரு என்று ரோசியை வீட்டில் விட்டுவிட்டுத் தனியாகப் போனான். டாக்டர் நிதானமான மனிதர். பெண்ணிடம் ஒரு குறையும் இல்லை, குறை உன்னிடம்தான், இதற்கு மருந்து கிடையாது என்று அவனுக்குப் புரிகிற மாதிரியே சொன்னார். உன் மனைவியையும் கூட்டிக்கொண்டு வா, நானே எடுத்துச் சொல்கிறேன் என்றும் சொன்னார். அவன் தலையைத் தலையை ஆட்டிவிட்டு வந்தான்.

பஸ்ஸில் வரும்போது சொல்லிவிடத்தான் நினைத்தான். சத்தியமாக நினைத்தான். வாசலில் இறங்கியதும் முதலில் இதைச் சொல்லிவிட்டுத்தான் தண்ணீர் குடிப்பது என்று முடிவு கட்டிக்கொண்டுதான் வந்தான். ரோசி கொய்யாக் கூடைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் எழுந்து, இரண்டு கையையும் புடவையில் துடைத்துக்கொண்டு அவன் முகத்தைப் பார்த்தாள். அந்தப் பார்வைக்கு முன்னால் அவனால் நிற்க முடியவில்லை. வாய் அதன் பாட்டுக்குப் பேசிவிட்டது.

"உன் ஒடம்புல சூடு ஜாஸ்தியாம். சூட்டு ஒடம்பாம். அதான் தங்கலன்றாரு."

அவ்வளவுதான். ஒரு மூச்சு நேரம்கூட ஆகவில்லை. அவள் அழவில்லை. அப்படியா என்று கேட்டுவிட்டு, அப்போ சூட்டுப் பண்டம் எல்லாம் ஆகாது இல்லையா என்றாள். அவனும், ஆமாம் ஆகாதுதான் என்று சொல்லி வைத்தான். அன்றைக்கு நிறுத்தினாள் ரோசி. மாம்பழம், பலாப்பழம், பப்பாளி, அன்னாசி எதையும் தொடவில்லை. காலையில் எழுந்ததும் ஊறவைத்த வெந்தயம், மத்தியானம் மோர், வாரத்துக்கு இரண்டு எண்ணெய்க் குளியல். பழக்காரன் பெண்டாட்டி வீடு நிறைய மாம்பழத்தை வைக்கோலில் பரப்பிவிட்டு அதன் நடுவில் உட்கார்ந்து வெள்ளரிப் பிஞ்சைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

பாவிப்பயல், அடுத்த நாளே சொல்லியிருக்கலாம். அடுத்த வாரம் சொல்லியிருக்கலாம். பார்த்துக்கொண்டே இருந்தான். முதல் வருஷம் பயமாக இருந்தது. இரண்டாம் வருஷம், இத்தனை நாள் ஏன் சொல்லவில்லை என்று கேட்பாளே என்ற பயம் அதோடு சேர்ந்துகொண்டது. அப்புறம் வருஷம் ஏற ஏறச் சொல்வதற்கு வாயே எழவில்லை. ஒரு சுளை தின்னேன், ஒண்ணும் ஆவாது என்று சில சமயம் நைசாகச் சொல்லிப் பார்ப்பான். டாக்டர் சொல்லியிருக்கிறாரே என்று அவள் அவனுக்கே புத்தி சொல்லுவாள். ஈஸ்டருக்கு ஈஸ்டர் பாவசங்கீர்த்தனத்துக்குப் போய் முழங்காலில் நின்று, பொய் சொன்னேன் சாமி என்று பொத்தாம்பொதுவாகச் சொல்லிவிட்டு வருவான். வியாபாரிப் பொய் என்று நினைத்து, சாமியார் மூன்று மந்திரம் சொல்லச் சொல்வார். சொல்லுவான். நெஞ்சில் இருந்தது இருந்தபடியே இருக்கும்.

மரம் திட்டப் போகும்போது மட்டும் ஒரு சொல்லைக் கவனமாகத் தவிர்த்தான். முன்பெல்லாம் மலட்டு மரமே என்றுதான் ஆரம்பிப்பான், அது கேட்டதும் கூட்டம் கொல்லென்று சிரிக்கும். ஆஸ்பத்திரிக்குப் போய்வந்த அந்த அறுபத்தெட்டுக்குப் பிறகு அந்தச் சொல் அவன் வாயில் வரவில்லை. சோம்பேறி என்பான், திருடன் என்பான், வேறு என்னவெல்லாமோ சொல்வான். ரோசி எப்போதும் போல ஜாமீன் நின்றாள். முந்தானையால் வாயைப் பொத்துவது மட்டும் நின்றுபோயிருந்தது. அதை அவன் பார்த்தான், பார்த்துவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டான்.

எழுபத்து நாலாம் வருஷம் வைகாசியில் ஒன்று நடந்தது. அந்த வருஷம் செந்தூர மா அப்படிக் காய்த்திருந்தது, வீட்டுக்குள் நுழைந்தால் மூக்கைத் துளைத்தது. தனிஸ்லாஸ் தவளக்குப்பத்தில் விற்றுவிட்டுச் சாயங்காலம் திரும்பியபோது ரோசி கதவோரம் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள். பக்கத்தில் ஒரே ஒரு மாங்கொட்டை, சப்பி வெளுத்துக் கிடந்தது. மனசு கேட்கவில்லை, ஒன்றே ஒன்று தின்றுவிட்டேன் என்றாள். அதுகூடப் பரவாயில்லை. இருபது நாள் கழித்து வழக்கம் போல மாதவிலக்கானதும் அந்தப் பழத்தைத்தான் சொன்னாள்.

"இந்த வாட்டி தங்கியிருக்கும்யா. அந்த ஒரு பழந்தான் கெடுத்துடுச்சி. நானே கெடுத்துகினேன்."

தலையில் தலையில் அடித்துக்கொண்டாள். தனிஸ்லாஸ் அவள் கையைப் பிடித்தான். இப்போது சொல்லாவிட்டால் மனுஷனே இல்லை என்று அவனுக்கே தெரிந்தது. நாக்கு நுனி வரைக்கும் வந்தும்விட்டது. ஆனால் அவன் சொன்னது வேறு. போவட்டும் வுடு, நான் ஒண்ணும் மனசுல வச்சிக்க மாட்டேன் என்றான். அவளை மன்னித்தான் அந்த மகராசன். அவள் அவன் தோளில் சாய்ந்து, உன்ன மாதிரி ஒருத்தன் கிடைக்க நான் புண்ணியம் பண்ணியிருக்கணும் என்று சொல்லி அழுதாள். அதற்குப் பிறகு ரொம்ப நாளைக்கு அவனுக்குச் சோறு இறங்கவில்லை. ரோசி அதற்கும் தன்னையே காரணம் சொல்லிக்கொண்டாள்.

எழுபத்தொன்பது கார்த்திகையில்தான் குட்டு உடைந்தது.

வில்லியனூர்க் கடைத்தெருவில் ஜொஹரா பீவி என்று ஒரு அம்மாள். புருஷன் போனபிறகு துணிக்கடையை மகன் ரஷீத் கையில் கொடுத்துவிட்டு வீட்டை ஆண்டுகொண்டிருந்தாள். அவர்கள் கொல்லையில் இருந்த மாமரம் தனிஸ்லாசின் குத்தகை. அதற்குப் பக்கத்தில் ஒரு பலா, பத்து வருஷமாக இலையைக் கொட்டியதோடு சரி. இதிலெல்லாம் எங்களுக்கு நம்பிக்கை கிடையாது, இருந்தாலும் நீ ஒரு தரம் செய்து பார்த்துவிடேன் என்று அந்த அம்மாளே கேட்டாள். ரஷீதுக்குக் கல்யாணமாகி மூன்று வருஷம். மருமகள் நசீரா அடுக்களைக் கதவைப் பாதி சாத்திக்கொண்டு உள்ளேயிருந்து பார்த்தாள். அக்கம்பக்கத்து சனம் இருபது முப்பது பேர் கொல்லையில் நின்றார்கள்.

கூட்டத்தைக் கண்டதும் தனிஸ்லாசுக்கு வழக்கம் போல ஏறிவிட்டது. ஒரு பேச்சுக்கு ஒரு சிரிப்பு, அடுத்த பேச்சுக்கு அதைவிடப் பெரிய சிரிப்பு. கோடாலியை ஓங்கிய வேகத்தில், பதினோரு வருஷமாக உள்ளே அடக்கி வைத்திருந்த சொல் வழுக்கிக்கொண்டு வெளியே வந்துவிட்டது. மலட்டு முண்டமே, உனக்கெல்லாம் எதுக்குடி வீட்டுல எடம் என்று கேட்டுவிட்டான். கூட்டம் சிரித்தது. ஜொஹரா பீவி சிரிக்கவில்லை. அவள் பார்வை மரத்தை விட்டு நேராக அடுக்களைக் கதவுக்குப் போயிற்று. கதவு மெதுவாகச் சாத்திக்கொண்டது. அந்தப் பார்வையையும் அந்தக் கதவையும் ரோசி பார்த்துக்கொண்டிருந்தாள்.

வெட்டட்டுமா என்றான் தனிஸ்லாஸ். ரோசி குறுக்கே வரவேண்டிய நேரம் அது. அவள் வரவில்லை. மறந்துவிட்டாள் போல என்று இன்னொரு தரம் உரக்கக் கேட்டான்.

"வெட்டிடு," என்றாள் ரோசி. "தெனம் தெனம் பேச்சு கேக்குறதுக்கு ஒரே வெட்டா வெட்டிட்டாத் தேவல. நான் ஜாமீன் நிக்க மாட்டேன்."

ஜாமீன் இல்லையென்றால் வெட்டியாக வேண்டும், அதுதான் முறை. தனிஸ்லாசின் கை அந்தரத்திலேயே நின்றது. ரஷீத் என்னமோ சொல்லிச் சமாளித்தான், ஜொஹரா பீவிக்கு முகம் சுண்டிவிட்டது. ரோசி கூடையை எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டு யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் தெருவில் இறங்கிவிட்டாள். அவன் கோடாலியைச் சைக்கிளில் செருகிக்கொண்டு பின்னாலேயே ஓடினான்.

ஆற்று மணலில் போய்த்தான் பிடித்தான். சைக்கிள் மணலில் உருளவில்லை, போட்டுவிட்டு நடந்தான். அவள் நிற்கவில்லை. முதுகைப் பார்த்துக்கொண்டே போனான், கொஞ்ச தூரம். முகத்தைப் பார்த்தால் இன்றைக்கும் வாய் வேறு எதையாவது சொல்லிவிடும் என்று அவனுக்குத் தெரிந்திருந்தது. முதுகைப் பார்த்தே சொன்னான்.

"ரோசி, சூடுன்னு டாக்டரு சொல்லல. உனக்கு ஒண்ணுமில்லன்னுதான் சொன்னாரு. கொறை என்னுதாம்."

அவள் நின்றாள். திரும்பவில்லை. கூடையை மட்டும் இறக்கி வைத்தாள். அவன் மிச்சத்தையும் கொட்டினான், பஸ்ஸில் நினைத்தது, வாசலில் வாய் மாறியது, உன்னையும் கூட்டி வரச் சொன்னாரே டாக்டர் என்பது வரைக்கும். ஆற்றில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது, அக்கரையில் யாரோ மாடு குளிப்பாட்டினார்கள். அவள் ஒன்றே ஒன்று கேட்டாள்.

"அந்த மாம்பழத்தத் தின்னுட்டு அழுதேனே. அன்னிக்கும் உனுக்குத் தெரியுமா?"

தெரியும் என்றான். அவள் அப்படியே மணலில் உட்கார்ந்துவிட்டாள். அடித்திருந்தால், காறித் துப்பியிருந்தால் அவனுக்குத் தேவலாம் போல இருந்திருக்கும். அவள் மணலை அள்ளி அள்ளிக் கீழே விட்டுக்கொண்டிருந்தாள். அப்புறம் எழுந்து வீட்டுக்குப் போய் உலை வைத்தாள்.

பதினைந்து நாள் பேசவில்லை. சோறு போட்டாள், துணி துவைத்தாள், அவன் கேட்டதற்குத் தலையசைத்தாள். வெந்தயம் ஊறப்போடுவதை நிறுத்திவிட்டாள். அந்தக் கிண்ணம் காலையில் காலியாகக் கிடப்பதை அவன் தினமும் பார்த்தான். பதினாறாம் நாள் அவளாகவே பேசினாள். என்னாண்ட சொன்னா ஆச்சா, என் மேல வாயி வச்சவங்களாண்ட போயிச் சொல்லு என்றாள். வேறு எதுவும் கேட்கவில்லை. நியாயம்தானே. தனிஸ்லாஸ் சரி என்றான்.

தை மாதம் பூரணாங்குப்பத்தில் அக்காள் வீட்டில் ஞானஸ்நான விருந்து. அந்தோணி மேரியின் மகன் வயிற்றுப் பேரனுக்கு. இதற்கு முன்னால் மூத்த பேத்தியின் ஞானஸ்நானத்தில் பிள்ளையைக் கையில் வாங்க ரோசி கையை நீட்டியபோது, அக்காள் பார்க்காத மாதிரி வேறொருத்தியிடம் கொடுத்தவள். தனிஸ்லாஸ் அன்றைக்கே பேசியிருக்க வேண்டும், பேசவில்லை. இந்தத் தடவை பந்தி முடிந்து, சொந்தபந்தம் எல்லாம் பந்தலில் வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தபோது எழுந்து நின்றான். அக்காவையும் அத்தான் சவரிநாதனையும் பார்த்து, எல்லோர் காதிலும் விழும்படி, பிள்ளை இல்லாததற்குக் காரணம் நான்தான், ரோசி இல்லை, டாக்டர் அறுபத்தெட்டிலேயே சொல்லிவிட்டார், நான் அவள் மேல் பழியைப் போட்டுவிட்டேன் என்று சொன்னான்.

சொன்னதும் நெஞ்சிலிருந்து ஒரு பாரம் இறங்கினாற்போல அவனுக்கு இருந்தது. இனி என்ன ஏச்சு வந்தாலும் வாங்கிக்கொள்ளலாம் என்று நின்றான். அந்தோணி மேரி எழுந்து வந்தாள். அவன் கன்னத்தை இரண்டு கையாலும் வழித்துத் திருஷ்டி கழித்தாள்.

"எந்த ஆம்பள சொல்லுவான் இப்பிடி? பொண்டாட்டி மானத்தக் காப்பாத்த இம்மாம் பெரிய பழியத் தன் தலமேல போட்டுக்கிறானே எந்தம்பி."

தனிஸ்லாசுக்குத் தூக்கிவாரிப் போட்டது. இல்லைக்கா, நெசமாத்தான் சொல்றேன் என்றான். அவள் அழவே ஆரம்பித்துவிட்டாள். ஆஸ்பத்திரியைச் சொன்னான், சோதனையைச் சொன்னான், மாதா மேல் சத்தியம் பண்ணினான். அவன் சொல்லச் சொல்ல அவன்தான் உயர்ந்துகொண்டே போனான். சவரிநாதன் வந்து தோளைத் தட்டி, நீ மனுஷன்டா என்றார். கிழங்கள் தலையாட்டின. பெண்கள் பக்கம் பேச்சு வேறு மாதிரி போயிற்று. இவ்வளவு நல்ல மனுஷனைச் சபையில் நிறுத்தி இப்படிச் சொல்ல வைத்துவிட்டாளே, என்ன மாயம் போட்டாளோ என்று ஒருத்தி சொன்னது தண்ணீர்த் தொட்டியில் கை கழுவிக்கொண்டிருந்த ரோசிக்கும் கேட்டது, அவனுக்கும் கேட்டது. பாரம் இறங்கினாற்போல இருந்ததே, அது இரட்டிப்பாக ஏறி உட்கார்ந்துகொண்டது.

திரும்பி வரும்போது அவள் சைக்கிளில் பின்னால் உட்கார்ந்திருந்தாள். பாதி வழியில், நல்ல பேரு உனக்கே போச்சு பாரு என்று மட்டும் சொன்னாள். குரலில் கோபம்கூட இல்லை. சைக்கிளை மிதிக்க முடியாமல் இறங்கித் தள்ளிக்கொண்டு வந்தான்.

அவனும் விடவில்லை. கோவில் முன்னால் சொன்னான், டீக்கடையில் சொன்னான், ரோசியின் தாய்வீட்டுக்குப் போய் மாமனார் காலைப் பிடித்துக்கொண்டு சொன்னான். மாப்பிள்ளை தங்கமான மனுஷன் என்று அவர்கள் கோழி அடித்துக் குழம்பு வைத்தார்கள். பொய்யைச் சொன்னபோது ஒரு கேள்வி கேட்காமல் நம்பிய உலகம் நிஜத்தைச் சொன்னால் நம்ப மாட்டேன் என்றது. சாமியாரிடம் போய் இந்தத் தடவை பொத்தாம்பொதுவாக இல்லாமல் முழுசாகச் சொன்னான். அவர் ஒருவர்தான் நம்பினார், ஆனால் அவர் வெளியே சொல்லக்கூடாதவர்.

சித்திரை பிறந்து செந்தூரம் பழுத்தது. அவன் கூடையிலேயே நல்லதாக ஒன்று பொறுக்கி, கழுவி, அவள் பக்கத்தில் வைத்தான். அவள் எடுத்து முகர்ந்தாள். இன்னும் ரெண்டு நாளு இருந்தா இன்னும் நல்லாருக்கும் என்று சொல்லிவிட்டுத் திரும்ப வைக்கோலிலேயே வைத்தாள். சாப்பிட்டுப் பாரேன் என்று கெஞ்சினான். ஆசை இருந்தப்போ தின்னல, இப்ப அந்த ஆசையே எங்கியோ போயிடுச்சி, இன்னா பண்ண என்றாள். கோபத்தில் சொன்ன மாதிரி இல்லை, நிஜமாகவே தேடிப் பார்த்துவிட்டுச் சொன்ன மாதிரி இருந்தது. தனிஸ்லாஸ் வெளியே போய் மாட்டுக்கு வைக்கோல் பிடுங்கிப் போட்டான். மாடு அப்போதுதான் தின்றுவிட்டுப் படுத்திருந்தது.

வைகாசியில் ஜொஹரா பீவி வீட்டு மாங்காய் இறக்கப் போனார்கள். அவன் மரத்தில் ஏறி வலைக்கோலால் பறித்து இறக்க, ரோசி கீழே உட்கார்ந்து பால் வடியக் காயைக் கவிழ்த்து அடுக்கினாள். இறக்கி முடித்து அவன் முகம் கழுவும்போது ஜொஹரா பீவி வந்தாள். போன கார்த்திகையில் உன் பெண்டாட்டி பாதியில் கெடுத்துவிட்டாள், பலா இந்த வருஷமும் மண்ணைத்தான் கவ்வியது, வர்ற கார்த்திகையில் ஒழுங்காக வந்து முடித்துக் கொடு என்றாள். கெஞ்சுவதற்கு வேறு ஆளை வைத்துக்கொள்ளலாம் என்றும் சொன்னாள்.

இனிமேல் எந்த மரத்தையும் திட்டுவதில்லை பீவிம்மா என்றான் தனிஸ்லாஸ். ஏன் என்று கேட்டாள். அவன் சொன்னான். எத்தனையோ இடத்தில் சொல்லிச் சொல்லி அவனுக்கு அந்த வார்த்தைகளே புளித்துப் போயிருந்தன, இந்த அம்மாளும் நம்பப் போவதில்லை என்று தெரிந்தே சொன்னான். ஆனால் நியாயத்துக்கு இந்த வீட்டில் சொல்லாமல் போகக்கூடாது, இந்தக் கொல்லையில்தான் அந்தச் சொல்லைச் சொன்னான். ஜொஹரா பீவிக்கு முகமெல்லாம் ஒரு மாதிரி ஆகிவிட்டது. அல்லாவே, இதெல்லாம் வெளியில் சொல்லிக்கொள்கிற பேச்சா தனிஸ்லாசு, ஆம்பளைக்கு அப்படியெல்லாம் வருமா, பெண்டாட்டி மேல் இருக்கிற ஆசையில் நீ பேசுகிறாய் என்று சொல்லிவிட்டு, தொழுகைக்கு நேரமாகிறது என்று உள்ளே போய்விட்டாள். வழக்கமான பதில்தான். அவன் கூடையைச் சைக்கிளில் கட்ட ஆரம்பித்தான்.

அடுக்களைக் கதவு திறந்தது. நசீரா தலையில் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு கொல்லையில் இறங்கி வந்தாள். அவனைப் பார்க்கவில்லை. நேராக ரோசியிடம் போய், காயை அடுக்க உதவி செய்கிறவள் மாதிரி பக்கத்தில் குந்தினாள். கொஞ்ச நேரம் காயைக் கையில் உருட்டிக்கொண்டிருந்தாள். பிறகு, உள்ளே இருக்கிற மாமியாருக்குக் கேட்காத குரலில், அந்த ஆஸ்பத்திரியில் எந்த இடத்தில் போய்ப் பார்க்க வேண்டும் என்று கேட்டாள்.

ரோசி கையில் இருந்த காயைக் கீழே வைத்தாள். அந்தப் பெண்ணின் முகத்தை நன்றாகப் பார்த்தாள். நம்புறியா என்று கேட்டாள். நசீரா தலையை ஆட்டினாள். அவள் கண் நிறைந்துவிட்டது, துடைத்துக்கொள்ளக்கூட இல்லை.

ரோசி எல்லாவற்றையும் பொறுமையாகச் சொன்னாள். காலையில் எந்த பஸ்ஸைப் பிடிக்க வேண்டும், எந்த வாசலில் இறங்கினால் கிட்ட, எங்கே சீட்டு வாங்கி எந்த வரிசையில் உட்கார வேண்டும், முதல் நாள் என்ன கேட்பார்கள், வெட்கப்படாமல் என்ன சொல்ல வேண்டும். அவர் வரமாட்டேன்னு ஆறு மாசம் சாக்குச் சொல்லுவாரு, வுடாத என்றாள். தனிஸ்லாஸ் கயிற்றைப் பிடித்தபடி பின்னால் நின்றுகொண்டிருந்தான். முடிச்சுப் போடவும் முடியவில்லை, அந்த இடத்தை விட்டு நகரவும் முடியவில்லை. சொல்லி முடித்து ரோசி எழுந்தாள், புடவையில் கையைத் துடைத்தாள், மறுபடியும் குனிந்து அந்தப் பெண்ணின் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

"முடிவு சொல்ற அன்னிக்கு நீயும் கூடப் போ நசீரா. டாக்டரு வாயால நீயே கேளு. அவர மட்டும் அனுப்பிச்சிட்டு வூட்ல இருந்துடாத. நான் இருந்தேன்."